புதுக் காருக்கான பணத்தை கிரெடிட் கார்டில் கட்டலாமா? ஷோரூமில் 2% கூடுதலாகக் கேட்கிறார்களே?

கட்டலாம். ஆனால் 2% கேட்கும் இடத்தில் கட்டாதீர்கள். பதில் இவ்வளவுதான். மீதி நான் பட்ட கதை, நேரமிருந்தால் படியுங்கள்.

உங்கள் நிலைமை எனக்குப் புரிகிறது. லிமிட்டை உயர்த்திவிட்டோம் என்று வங்கியிலிருந்து மெசேஜ் வந்திருக்கும். மூன்று லட்சத்தை ஒரே தேய்ப்பில் தேய்த்தால் பாயின்ட் கொட்டும், ஒன்றரை மாதம் வட்டியும் கிடையாது என்று அலுவலகத்தில் யாராவது ஓதியிருப்பார்கள். எனக்கும் ஒருவர் ஓதினார். அவரிடம் சொந்தமாகக் கார் இல்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

2022-ல் திருச்சியில் ஒரு சின்னக் கார் எடுத்தேன். வரி, பதிவு, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்த ஆன்ரோடு விலை 8,31,000. வங்கிக் கடன் 5 லட்சம் நேராக டீலருக்குப் போய்விட்டது. புக்கிங் பணம் 11,000-ஐ கிரெடிட் கார்டில் கட்டினேன், அதற்கு ஒரு பைசா கூடுதலாகக் கேட்கவில்லை. அந்தத் தைரியத்தில்தான் மீதி 3,20,000-க்கும் அதே கார்டை நீட்டினேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த கேஷியர் பெண் கார்டைத் தொடவே இல்லை. "கிரெடிட் கார்டுன்னா டூ பர்சென்ட் பிளஸ் ஜிஎஸ்டி சார்" என்றார். கால்குலேட்டரைத் திருப்பிக் காட்டினார்: 7,552 ரூபாய்.

என் கார்டில் 100 ரூபாய்க்கு ஒரு பாயின்ட், ஒரு பாயின்ட் 25 காசு. 3,20,000-க்கு 3,200 பாயின்ட், அதாவது 800 ரூபாய். 800 ரூபாய்க்காக 7,552 ரூபாய். கணக்கில் நான் வீக்தான், இருந்தாலும் இது புரிந்தது.

சரி, டெபிட் கார்டு என்றேன். "அதுக்கு ஒன் பர்சென்ட் சார்." இங்கேதான் எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஏனென்றால் இந்த விஷயத்தை நான் முதல் நாள் இரவே படித்து வைத்திருந்தேன். டெபிட் கார்டுக்குக் கடைக்காரரிடம் வங்கி எடுக்கும் கட்டணத்துக்கு ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியிலிருந்தே உச்சவரம்பு வைத்திருக்கிறது. பெரிய கடையாக இருந்தாலும் 0.90 சதவீதம், அதுவும் ஒரு பரிவர்த்தனைக்கு 1,000 ரூபாய்க்கு மேல் கூடாது. அதை வாடிக்கையாளர் தலையில் கட்டவும் கூடாது. என் கையில் இருந்ததோ ரூபே, அதாவது விசா, மாஸ்டர்கார்டு மாதிரி நம் நாட்டுக் கார்டு நெட்வொர்க்கின் டெபிட் கார்டு. 2020 ஜனவரியிலிருந்து அதற்குக் கட்டணமே பூஜ்யம். அப்படியானால் அந்த 3,200 ரூபாய் யாருக்குப் போகிறது?

"மெஷினே அப்படித்தான் எடுக்குது சார்" என்றார். மேனேஜர் வந்தார். போனில் சேமித்து வைத்திருந்த சுற்றறிக்கையைக் காட்டினேன். அவர் அதைப் படித்த மாதிரி தெரியவில்லை, ஆனால் கொஞ்சம் சத்தமாகப் பேசினேன், பக்கத்தில் இன்னொரு குடும்பம் கார் பார்த்துக்கொண்டிருந்தது. "சரி சார், உங்களுக்காக சார்ஜ் இல்லாம போட்டுக்கலாம்" என்றார். என் மனைவியை ஒரு பார்வை பார்த்தேன். எப்படி, பார்த்தாயா என்று.

கார்டைச் செருகி, பின் நம்பர் போட்டேன். மெஷின் யோசித்தது. கர்ரென்று ஒரு சீட்டு வந்தது: டிக்ளைன்ட். இன்னொரு முறை. அதே சீட்டு. என் கார்டின் ஒரு நாள் வரம்பு 75,000 என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கையைப் படித்தவன் சொந்தக் கார்டின் வரம்பைப் பார்க்கவில்லை. அந்த கேஷியர் பெண் சிரிக்கவில்லை, அதற்கு இன்றும் நன்றி. மனைவிதான் சிரித்தாள்.

அடுத்து யுபிஐ. அப்போது எனக்கு ஒரு நாளைக்கு ஒரு லட்சம்தான் போகும். நெட் பேங்கிங்கில் புதிதாகக் கணக்கைச் சேர்த்தால் முதல் நாள் பெரிய தொகையை அனுப்ப என் வங்கி விடாது. அன்று வெள்ளிக்கிழமை, ஞாயிறு காலை வண்டி எடுக்க நல்ல நேரம் குறித்தாகிவிட்டது. விஷயத்தைக் கேள்விப்பட்ட மாமனார், "ரெண்டரை லட்சம் வீட்ல ரொக்கமா இருக்கு மாப்ள, கொண்டாரட்டுமா" என்று போன் செய்தார். அதையும் வாங்க மாட்டார்கள், அது மட்டும் அவர்கள் சொன்னது நியாயம். 2017 ஏப்ரலிலிருந்து ஒரே பரிவர்த்தனைக்கு 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கியவருக்கு அதே அளவு அபராதம். பாதி இன்று, பாதி நாளை என்று பிரித்துக் கொடுத்தாலும் அது ஒரே பரிவர்த்தனைதான்.

கடைசியில் டீலர் முன்கூட்டியே தரும் விலைச் சீட்டான புரோஃபார்மா இன்வாய்ஸை எடுத்துக்கொண்டு என் வங்கிக் கிளைக்கு ஓடினேன். மணி மூன்றேகால். பெரிய தொகையை வங்கிக்கு வங்கி உடனே அனுப்பும் ஆர்டிஜிஎஸ் முறைக்கான படிவத்தில் டீலரின் கணக்கு எண்ணையும் அவர் வங்கிக் கிளையின் ஐஎஃப்எஸ்சி எண்ணையும் எழுதி, ஒரு செக் லீஃபைக் கிழித்துக் கொடுத்தேன். அரைமணி நேரத்தில் பணம் போனதற்கு அடையாளமான யுடிஆர் நம்பரோடு மெசேஜ் வந்தது. கட்டணம் 24 ரூபாய் 50 காசு, ஜிஎஸ்டி சேர்த்து 28 ரூபாய் 91 காசு. இரண்டு நாள் முன்பே நெட் பேங்கிங்கில் கணக்கைச் சேர்த்து வைத்திருந்தால் அதுவும் மிச்சம்.

இதைப் படித்துவிட்டு இரண்டு பேர் சண்டைக்கு வருவார்கள். முதலாமவர், "என் கார்டில் 5% கேஷ்பேக் வரும்" என்பவர். வரட்டும் ஐயா, உங்கள் ஷோரூமில் சார்ஜ் கேட்கவில்லை என்றால் தாராளமாகத் தேயுங்கள். அதற்கு முன் அந்தக் கேஷ்பேக்குக்கு மாத உச்சவரம்பு உண்டா என்று பார்த்துவிடுங்கள், அடுத்த பில்லை முழுசாகக் கட்டப் பணத்தைத் தயாராக வையுங்கள். முழுசாகக் கட்டாவிட்டால் மாதம் மூன்று, மூன்றரை சதவீதம் வட்டி ஓடும். கார் கடனுக்கு வருஷ வட்டியே ஒன்பது, பத்துதான். கார்டு ஈஎம்ஐ ஆக மாற்றினால் வட்டிக்கு மேல் 18% ஜிஎஸ்டி தனி. இரண்டாமவர் ஷோரூம்காரர். கிரெடிட் கார்டுக்கு அந்த மாதிரி உச்சவரம்பு இல்லை, சின்னக் காரில் உங்கள் லாபமே சில சதவீதம்தான், தெரியும். கிரெடிட் கார்டு வேண்டாம் என்று சொன்னதில் எனக்குக் கோபமில்லை. ரூபேக்கு ஒரு சதவீதம் கேட்டதில்தான் கோபம்.

ரொம்ப உஷாரான ஆள் என்று என்னை நினைத்துவிடாதீர்கள். டெலிவரி அன்று, அட்டையில் செய்த பெரிய சாவியைக் கையில் கொடுத்து, ரிப்பன் வெட்டச் சொல்லி போட்டோ எடுத்த கையோடு, சேல்ஸ் பையன், "சீட் கவருக்கு மூவாயிரம் மட்டும் என் நம்பருக்குப் போட்ருங்கண்ணே, ஆபீஸ் ரேட்டைவிடக் கம்மி" என்றான். போட்டேன். ரசீது இல்லை. பத்து நாள் கழித்துக் கேட்டால் பையன் வேலையை விட்டுப் போய்விட்டான். எந்த வழியில் கட்டினாலும் கம்பெனி பெயரில் உள்ள கணக்குக்குக் கட்டுங்கள், ரசீதை வாங்காமல் நகராதீர்கள். சீட்டில் இன்றும் கம்பெனி துணிதான், ஒரு காபிக் கறையோடு.

அப்புறம், பணம் கட்டுவதை விடுங்கள், நிறுத்த இடம் இருக்கிறதா? எங்கள் தெருவில் எதிர்வீட்டுக்காரர் கால் உடைந்த பிளாஸ்டிக் சேர் ஒன்றைத் தார்ரோட்டில் போட்டு இடம் பிடித்து வைத்திருக்கிறார். அவருக்குக் காரே கிடையாது. மகன் பெங்களூரிலிருந்து பொங்கலுக்கு வருவானாம், அதற்கு வருஷம் முழுக்க சேர். நான் இரண்டு தெரு தள்ளி, தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே நிறுத்திவிட்டு நடந்து வருகிறேன். மேலே காக்கைகள் வேறு.

பாயின்ட் பற்றித்தானே கேட்டீர்கள். புக்கிங்குக்குத் தேய்த்த 11,000-க்கு எனக்கு 110 பாயின்ட் வந்தது. மதிப்பு 27 ரூபாய் 50 காசு. ஆர்டிஜிஎஸ் கட்டணத்துக்கு இன்னும் 1 ரூபாய் 41 காசு குறைகிறது.