ஹான்யோலின் அம்மா – கடிதம்

அன்புள்ள சார்,

என் பெண் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். கொரியத் தொடர்கள் பார்த்துப் பார்த்து, ஃபோனிலேயே கொரிய எழுத்தை வாசிக்கவும் கற்றுக்கொண்டுவிட்டாள். பொங்கல் லீவுக்கு வந்திருந்தபோது ஒரு படம் போட்டுக் காட்டினாள். 1987ல் தென்கொரியாவில் சர்வாதிகார ஆட்சிக்கு எதிராக நடந்த மாணவர் போராட்டம் பற்றியது. கடைசியில் ஒரு பையன் தலையில் கண்ணீர்ப்புகைக் குண்டு பட்டு விழுகிறான். நிஜமாகவே நடந்தது என்றாள். "இவனோட அம்மா எவ்வளவு பெருமைப்பட்டிருப்பாங்க, இல்லம்மா?" என்று கேட்டாள். எனக்குப் பள்ளியில் படித்த சங்கப்பாட்டுதான் ஞாபகம் வந்தது. போர்க்களத்தில் மகனின் வெட்டுப்பட்ட உடலைப் பார்த்து, அவனைப் பெற்ற நாளைவிட அதிகமாக மகிழ்ந்தாளே, அந்தத் தாய். ஆனால் அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

அதற்குப் பிறகு நடந்த தேர்தலில் ஜெயித்தது அந்தச் சர்வாதிகாரியின் நண்பர்தான் என்று படித்தேன். அப்படியானால் அந்தப் பையன் உயிரைக் கொடுத்ததற்கு என்ன பலன்? போன மாதம் விடுதிக் கட்டணத்தை ஏற்றிவிட்டார்கள் என்று என் பெண்ணும் கல்லூரி வாசலில் போய் உட்கார்ந்திருக்கிறாள். ஃபோனில் கண்டபடி திட்டிவிட்டேன். நான் செய்தது தப்பா?

பெயர் போட வேண்டாம்.

ஒரு வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

"உயிரைக் கொடுத்ததற்கு" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு சொல்லில்தான் எனக்குத் தகராறு. அதை முதலில் பேசிவிடுகிறேன். தேர்தல் கணக்கு அப்புறம்.

அந்தப் பையனின் பெயர் லீ ஹான்யோல். சியோலில் யோன்சே பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகம் படித்துக்கொண்டிருந்தான். வயது 20. 1987 ஜூன் 9 அன்று பல்கலைக்கழக வாசலில் மற்ற மாணவர்களோடு நின்றிருந்தான். மறுநாள் நாடு முழுக்கக் கண்டனக் கூட்டங்கள் நடக்க இருந்தன, அதற்கு முன்னோட்டம் போன்ற கூட்டம் அது. கண்ணீர்ப்புகைக் குண்டை மேல்நோக்கிச் சாய்த்துச் சுட வேண்டும். அன்றைக்குப் போலீஸ் ஆட்களைப் பார்த்து நேராகச் சுட்டது. ஒன்று அவன் பின்னந்தலையில் பட்டது.

இதில் அவன் எதைக் கொடுத்தான்? சாயங்காலம் திரும்பி வந்து சாப்பிட்டுப் படுக்கலாம் என்று போன பையன் அவன். நாம் "உயிரை ஈந்தான்", "இன்னுயிர் நீத்தான்" என்றெல்லாம் மேடையில் பேசுகிறோம். அந்த வாக்கியங்களில் எழுவாய் யார் என்று பாருங்கள். செத்தவன்தான். சுட்டவன் வாக்கியத்திலேயே இல்லை! கொன்றார்கள் என்று எழுதினால்தான் அவன் உள்ளே வருவான். தமிழில் தியாகம் பற்றி எழுதப்படுகிற முக்கால்வாசிக் கட்டுரைகளில் எனக்கு இந்தக் குறை உண்டு. நானும் இளவயதில் அப்படி எழுதியிருக்கிறேன், அது வேறு விஷயம்.

அந்தக் கூட்டமே இன்னொரு மாணவனுக்காகத்தான். சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் படித்த பார்க் ஜோங்சோல். 1987 ஜனவரி 14 அன்று நாம்யோங்டோங் விசாரணைக் கட்டடத்தில் அவன் தலையைத் தண்ணீர்த் தொட்டிக்குள் அமுக்கிக் கொன்றார்கள். விசாரணை அதிகாரி மேஜையில் ஓங்கித் தட்டினார், பையன் 'அக்' என்று விழுந்து செத்துவிட்டான் என்று போலீஸ் விளக்கம் கொடுத்தது. ஒரு நாடே இதை நம்பும் என்று எந்தத் தைரியத்தில் நினைத்தார்களோ. மே 18 அன்று, உண்மைக் குற்றவாளிகள் மறைக்கப்பட்டிருக்கிறார்கள் என்று கத்தோலிக்கப் பாதிரியார்கள் மியோங்டோங் தேவாலயத்தில் அறிவித்தார்கள். அதற்கு மேல் சனங்களை அடக்க முடியவில்லை. அதிபரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற கோரிக்கையை சர்வாதிகாரி சுன் டூ ஹ்வான் ஏப்ரலிலேயே கதவடைத்து மறுத்திருந்தார். அந்தக் கோபமும் இதனோடு சேர்ந்துகொண்டது.

ஹான்யோல் அடிபட்டதும், நூலகவியல் படித்த ஒரு மாணவன் அவனைப் பின்னாலிருந்து தாங்கிப் பிடித்தான். தலை சரிந்து, முகத்தில் ரத்தம் வழிகிறது. ராய்ட்டர்ஸ் புகைப்படக்காரர் ஜோங் டேவோன் எடுத்த அந்தப் படம் உலகம் முழுக்கப் போயிற்று. தச்சு வேலை பார்த்துவிட்டு ஓவியத்துக்கு வந்தவர் சோய் ப்யோங்சு. அவர் செய்தித்தாளில் இந்தப் படத்தைப் பார்த்து மரத்தில் செதுக்கி அச்செடுத்தார். மாணவர்கள் அதைச் சட்டையில் குத்திக்கொண்டார்கள். பெரிய திரையாக வரைந்து பல்கலைக்கழகக் கட்டடத்தில் தொங்கவிட்டார்கள். அதில் எழுதியிருந்த வரி, "ஹான்யோலைப் பிழைக்க வை". ஆஸ்பத்திரியில் அவன் நினைவில்லாமல் கிடந்த நாட்களில் எழுதியது. ஜூலை 5 அன்று அவன் இறந்த பிறகும் அந்த வரி அப்படியேதான் இருந்தது. "வாழ்க", "வீரவணக்கம்" என்று எதுவும் இல்லை. உயிரோடு கொண்டுவந்து கொடு, அவ்வளவுதான். இறந்துபோன ஒருவனுக்காகக் கேட்கும்போது அந்தக் கோரிக்கைக்குப் பதில் சொல்ல எந்த அரசாங்கத்தாலும் முடியாது. அதனால்தான் அதை இத்தனை வருடம் கழித்துப் பார்த்தாலும் நெஞ்சை அடைக்கிறது என்று நினைக்கிறேன்.

சரி, உங்கள் மகள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். அவன் அம்மா பெருமைப்பட்டாரா?

பே உன்ஷிம் குவாங்ஜுவில் இருந்த ஒரு சாதாரண இல்லத்தரசி. 1980 மே மாதம் ராணுவம் சொந்த மக்களையே சுட்டுத் தள்ளிய ஊர் அது. அப்போது ஹான்யோலுக்கு 13 வயது. ஜூலை 9 இறுதி ஊர்வலத்தில் சியோலில் மட்டும் பத்து லட்சம் பேர் திரண்டதாகச் சொல்கிறார்கள். முதல் நாள்தான் சிறையிலிருந்து வெளியே வந்திருந்த மூன் இக்ஹ்வான் என்ற பாதிரியார் பேச எழுந்தார். 1970ல் தீக்குளித்த தையல் தொழிலாளி ஜோன் டேயிலில் தொடங்கி இறந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கத்திக் கூப்பிட்டார். ஹான்யோல் கடைசிப் பெயர். அவ்வளவுதான் அவர் உரை. அம்மாவோ, நம் ஊருக்குப் போகலாம் வா, குவாங்ஜுவுக்குப் போகலாம் என்று மகனைக் கூப்பிட்டுக் கதறினார்.

சங்கப்பாட்டு நல்ல பாட்டு. ஆனால் அது போர்க்களத்தோடு முடிந்துவிடுகிறது. மறுநாள் காலையில் அந்தக் கிழவி அடுப்பு மூட்டினாளா, யாருக்காக உலை வைத்தாள் என்று பாட்டில் இல்லை. பே உன்ஷிம்முக்கு அந்த மறுநாள் 34 வருடம் நீடித்தது. போராட்டத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்களின் சங்கத்தில் சேர்ந்தார், பிறகு அதற்குத் தலைமை தாங்கினார். 1998 நவம்பரில் நாடாளுமன்றத்தின் முன்னால் அந்தப் பெற்றோர்கள் போய் உட்கார்ந்தார்கள். எழுந்தது 422 நாள் கழித்து. இரண்டு குளிர்காலம் தெருவில்! ஜனநாயகப் போராட்டத்தில் பாதிக்கப்பட்டவர்களின் மதிப்பை மீட்கவும், மர்மச் சாவுகளை விசாரிக்கவும் இரண்டு சட்டங்கள் வந்த பிறகுதான் எழுந்தார்கள். 2020ல் அரசாங்கம் அவருக்குப் பதக்கம் கொடுத்தது, அதுவும் பார்க் ஜோங்சோலைக் கொன்ற அந்த நாம்யோங்டோங் கட்டடத்தில் வைத்து. வாங்கிக்கொண்டார். ஆனாலும் விடவில்லை. போராட்டத்தில் செத்தவர்களை முறையாக அங்கீகரிக்கும் இன்னொரு சட்டத்துக்காகக் கடைசி மாதங்களிலும் நாடாளுமன்ற வாசலுக்குப் போய் நின்றார். 2022 ஜனவரி 9 அன்று இறந்தார். சுன் டூ ஹ்வான் மன்னிப்புக் கேட்காமலே இறந்து அப்போது இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

இதற்குப் பெருமை என்று பெயர் வைக்க எனக்கு மனசு வரவில்லை. பிடிவாதம் என்று வேண்டுமானால் சொல்லலாம். கடன்காரனை விடாமல் வாசலில் போய் உட்காருவார்களே, அந்தப் பிடிவாதம்.

இனி பலன். ஹான்யோல் அடிபட்ட பிறகு கழுத்தில் டை கட்டிய ஆபீஸ்காரர்களும் மத்தியான இடைவேளையில் இறங்கித் தெருவுக்கு வந்தார்கள். ஜூன் 29 அன்று ஆளும் கட்சி வேட்பாளர் ரோ டே வூ நேரடித் தேர்தலுக்கு ஒத்துக்கொண்டார். ஹான்யோல் அப்போது நினைவில்லாமல்தான் கிடந்தான். அவனுக்கு அது தெரியாமலே போயிற்று. டிசம்பரில் நடந்த தேர்தலில் நீங்கள் சொன்னபடி அதே ரோ டே வூ 36.6 சதவீதம் வாங்கி ஜெயித்தார். எதிரே நின்ற எதிர்க்கட்சித் தலைவர்கள் கிம் யோங் சாம் 28, கிம் டே ஜுங் 27. இரண்டு கிம்களும் யார் நிற்பது என்று பேசி முடித்திருந்தால் கதை வேறு. இது நமக்கொன்றும் புதிய காட்சி இல்லை. அந்தத் தோல்வியை அந்த இரண்டு பெரிய மனிதர்கள் கணக்கில் எழுதுங்கள், இறந்த பையன் கணக்கில் எழுதாதீர்கள். அதற்குப் பிறகு வந்தவற்றை அவன் உயிருக்குக் கிடைத்த விலையாகவும் எழுத வேண்டாம். 2024 டிசம்பர் 3 இரவு ஓர் அதிபர் திடீரென்று ராணுவச் சட்டம் அறிவித்தார். சனங்கள் நாடாளுமன்றத்துக்கு ஓடினார்கள். 190 உறுப்பினர்கள் உள்ளே போய் வாக்களித்து, விடிவதற்குள் அதை ஒன்றுமில்லாமல் ஆக்கினார்கள். பே உன்ஷிம் 422 நாள் உட்கார்ந்திருந்தது அதே நாடாளுமன்றத்தின் முன்னால்தான். அவரைப் போன்றவர்கள் விடாமல் செய்த வேலைக்குப் பலன் உண்டா என்று கேட்டால், உண்டு என்பேன். பையனின் சாவுக்குப் பலன் உண்டா என்று கேட்டால் அந்தக் கேள்வியே எனக்குக் கூசுகிறது. சாவு என்ன, வங்கியில் போட்ட முதலா?

அவன் அன்று போட்டிருந்த ஷூவில் வலது கால் மட்டும் மிஞ்சியது. டைகர் என்ற உள்ளூர் பிராண்ட் ஷூ. நட்ட ஈட்டுப் பணத்தையும் நன்கொடைகளையும் சேர்த்து அம்மா உண்டாக்கிய நினைவு இல்லத்தில் அது இருக்கிறது. வருடங்கள் போகப் போக அடிப்பாகம் உதிர்ந்து நூற்றுக்கு மேற்பட்ட துண்டுகளாகிவிட்டது. 2015ல் பழம்பொருள் சீரமைக்கும் ஒருவர் மாதக்கணக்கில் உட்கார்ந்து அந்தத் துண்டுகளைக் கோத்து மறுபடி ஷூவாக்கினார். இடது கால் ஷூ கிடைக்கவில்லை.

மகளைத் திட்டியது பற்றிக் கேட்டீர்கள். நான் கல்லூரியில் ஒரு வேலைநிறுத்தத்தில் உட்கார்ந்ததற்கு என் அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. ஆனால் டிபன் டப்பாவில் சோறு மட்டும் வழக்கத்தைவிட அதிகமாக இருந்தது. திட்டியது தப்பில்லை, அம்மாக்கள் திட்டத்தான் செய்வார்கள். போகாதே என்று மட்டும் சொல்லாதீர்கள். யாரோடு போகிறாள், எங்கே உட்காருவாள், எத்தனை மணிக்குத் திரும்புவாள் என்று கேட்டு வையுங்கள். திரும்பியதும் ஃபோன் பண்ணச் சொல்லுங்கள்.

அவளுக்குக் கொரிய எழுத்து தெரியும் என்றீர்களே. சோய் ப்யோங்சுவின் அந்த மரச்செதுக்குப் படத்தை ஃபோனில் தேடி எடுத்து, அதில் இருக்கும் வரியை உங்களுக்கு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.