உலக ஒழுங்கு எப்படி மாறுது? கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

கேள்வி: அக்கா, எம்.ஏ. பொலிடிகல் சயின்ஸ் படிக்கிறேன். ரியலிசம், லிபரலிசம், கன்ஸ்ட்ரக்டிவிசம்னு பேரு மனப்பாடம் ஆயிருச்சு, ஆனா உலகம் மாறுறத மூணும் எப்படி பாக்குதுன்னு புரியல.

பதில்: தம்பி, 1989ல இருந்து 91 வரைக்கும் பனிப்போர் முடிஞ்சு சோவியத் யூனியன் உடைஞ்சத வெச்சு பாரு. ரியலிஸ்ட் கணக்குல நாடுகளுக்கு மேல போலீஸ் கிடையாது, யார் கையில எவ்வளவு பலம்ங்கிறதுதான் எல்லாம், அந்தப் பங்கு மாறினா ஒழுங்கும் மாறும். ரெண்டு வல்லரசு இருக்கிற உலகம்தான் நிலையா நிக்கும்னு ரியலிஸ்ட் அறிஞர் கென்னத் வால்ட்ஸ் 1979ல எழுதினார், பன்னெண்டே வருஷத்துல அதுல ஒண்ணு காணாமப் போச்சு, அதுவும் பெரிய போர் இல்லாம!

கேள்வி: அப்ப ரியலிசம் ஃபெயிலா மேடம்?

பதில்: அவசரப்படாதீங்க சார். சோவியத் பொருளாதாரம் தேங்கிருச்சு, ராணுவச் செலவு தாங்கல, அதான் போட்டிய கைவிட்டாங்கன்னு ரியலிஸ்டுங்க பின்னாடி விளக்கம் குடுத்தாங்க. தப்புன்னு சொல்ல மாட்டேன், ஆனா கஜானா காலியான எத்தனையோ சாம்ராஜ்யம் கடைசி வரைக்கும் சண்டை போட்டுதான் செத்துச்சு, இவங்க மட்டும் ஏன் போடல? 1988 டிசம்பர்ல சோவியத் தலைவர் கோர்பச்சேவ் ஐ.நா.வுல நின்னு, 5 லட்சம் படைவீரர்கள நாங்களாவே குறைக்கிறோம்னார். யாரு எதிரிங்கிற நெனப்பே மாறிப்போச்சு, பலத்த விட, ஒருத்தர ஒருத்தர் எப்படி நெனைக்கிறாங்கங்கிறதுதான் முக்கியம்னு சொல்ற கன்ஸ்ட்ரக்டிவிஸ்ட் புடிச்சுக்கிறது இதத்தான். அந்தக் கோஷ்டி அறிஞர் அலெக்சாண்டர் வெண்ட் சொன்ன உதாரணம் எனக்கு ரொம்பப் புடிக்கும்: பிரிட்டன்கிட்ட 500 அணுகுண்டு இருந்தாலும் அமெரிக்கா நிம்மதியா தூங்கும், வடகொரியாகிட்ட 5 இருந்தா தூக்கம் போயிரும்.

கேள்வி: லிபரலிசத்த விட்டுட்டீங்களே?

பதில்: விடல. பெரிய போர்ல ஜெயிச்சவன் தன் கையையும் கொஞ்சம் கட்டிக்கிட்டு விதி, அமைப்புன்னு போட்டா மத்தவங்களும் உள்ள வருவாங்கங்கிறது லிபரல் அறிஞர் ஐகென்பெரியோட வாதம். 1944ல அமெரிக்காவுல பிரெட்டன் வுட்ஸ்ல 44 நாடு உக்காந்து போட்ட ஐ.எம்.எஃப். (சர்வதேச நாணய நிதியம்), உலக வங்கி ரெண்டும் இன்னும் ஓடுதே.

கேள்வி: சீனா வளருது, அப்ப அமெரிக்காவோட போர்தானா அக்கா?

பதில்: பின்னாடி வர்றவன் முன்னாடி இருக்கிறவன எட்டிப் புடிக்கிற நேரம்தான் ஆபத்துன்னு ஆர்கான்ஸ்கிங்கிற அறிஞர் 1958லயே சொன்னார், ஆனா வர்றவனுக்கு இருக்கிற ஏற்பாட்டுல அதிருப்தியும் இருக்கணும். பிரிட்டன் எடத்த அமெரிக்கா போர் இல்லாமத்தான் புடிச்சது. அதுக்காக ரொம்ப மரியாதையான கைமாத்தல்னு நெனைக்காதீங்க, 1956ல எகிப்தோட சூயஸ் கால்வாய்க்காக பிரிட்டன் படைய அனுப்புச்சு, அத வாபஸ் வாங்காம பவுண்டுக்கு ஐ.எம்.எஃப். பணம் கிடையாதுன்னு அமெரிக்கா சொன்னதும் பிரிட்டன் பெட்டியக் கட்டிருச்சு. சீனா 2001ல உலக வர்த்தக அமைப்புல சேர்ந்து நல்லாவே சம்பாதிச்சது, அப்புறம் தன் முன்முயற்சியில ஆசிய உள்கட்டமைப்பு வங்கியும் தொறந்திருச்சு. திருப்தியா இருக்கிறவன் தனிக்கடை போடுவானா, இல்ல இதுவும் அதே பஜார்லதான் இருக்கான்னு ரெண்டு கோஷ்டியும் இன்னும் அடிச்சுக்கிறாங்க. நான் ரெண்டாவது பக்கம், ஆனா தைவான் பேச்சு வந்தா எனக்கும் வாய் அடைச்சிரும்.