ஒரே ஒரு சிறுநீர்ப் பரிசோதனையை வைத்து முடிவு செய்யாதீர்கள்

வணக்கம். உங்கள் பதினொரு வயது மகளின் சிறுநீரில் அயோடின் லிட்டருக்கு 62 மைக்ரோகிராம் என்று வந்ததால், 100-க்குக் கீழே இருந்தாலே குறைபாடுதான் என்று கருதி மாத்திரை தொடங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து இப்போதைக்குத் தொடங்க வேண்டாம்.

அந்த 100 என்ற எல்லை தனியொரு குழந்தைக்கு உரியதன்று. பள்ளிக் குழந்தைகள் பலரிடம் மாதிரி எடுத்து, அவற்றின் இடைநிலை மதிப்பு (அளவுகளை வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) 100 முதல் 199 வரை இருந்தால் அந்த மக்களுக்குப் போதிய அயோடின் கிடைக்கிறது என்று கொள்வதற்காக உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவுகோல் அது. உட்கொள்ளும் அயோடினில் பெரும்பகுதி ஓரிரு நாள்களில் சிறுநீரில் வெளியேறிவிடுவதால், முந்தைய நாள் உண்டதும் அன்று குடித்த தண்ணீரும் அந்த எண்ணை வெகுவாக மாற்றிவிடும். காலையில் அடர்மஞ்சளாக இருக்கும் சிறுநீர், இரண்டு குவளை தண்ணீர் குடித்தபின் ஏறக்குறைய நிறமற்றுப் போவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். இரண்டு மாதிரிகளும் ஒரே எண்ணைக் காட்டா. ஒருவரின் நிலையை ஓரளவு நம்பகமாக அறியவே வெவ்வேறு நாள்களில் ஏறத்தாழ பத்து மாதிரிகள் வேண்டும்.

உணவைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. வீட்டு உப்பு அயோடின் கலந்ததா, மூடி வைக்கப்படுகிறதா, மகள் பால், முட்டை, மீன் ஆகியவற்றை முற்றிலும் தவிர்க்கிறாளா என்று பாருங்கள். 12 வயது வரை நாளொன்றுக்கு 120 மைக்ரோகிராமும், அதன்பின் 150-உம் போதும்.

அயோடின் குறைந்தால் கழுத்திலுள்ள தைராய்டுச் சுரப்பி வீங்கக்கூடும் என்பதால், குழந்தைநல மருத்துவர் கழுத்தைத் தொட்டுப் பார்க்கட்டும். தைராய்டின் ஒரு மடல் அவளுடைய கட்டைவிரலின் நுனிக்கணுவைவிடப் பெரிதாக இருந்தால் அது வீக்கமாகக் கருதப்படும். தைராய்டின் செயல்பாட்டைக் காட்டும் டிஎஸ்எச், கட்டற்ற டி4 ஆகிய இரத்தப் பரிசோதனைகளையும் அவரே முடிவு செய்யட்டும். தன்னெதிர்ப்புத் தைராய்டு அழற்சி (உடலின் நோயெதிர்ப்பாற்றலே தைராய்டைத் தாக்கும் நோய்) இருக்கும் குழந்தைக்கு மிகுதியான அயோடின் தீங்கு செய்யக்கூடும் என்பதாலேயே இவ்வளவு வலியுறுத்துகிறேன்.