மூளையின் நடுவில் கட்டி: எந்த வழியாக எடுப்பார்கள்?

கேள்வி: ஐயா, என் தமையனாருக்கு மூளையின் மூன்றாம் அறையில் ‘கொலொயிட்’ நீர்க்கட்டி என்று எம்.ஆர்.ஐ. ஸ்கானில் வந்திருக்கிறது. கமராக் குழாயால் எடுக்கலாம் என்கிறார் ஒரு வைத்தியர். மண்டையோட்டைத் திறக்க வேண்டும் என்கிறார் மற்றவர். மூக்கு வழியாக எடுக்கலாமே என்கிறார் அண்ணி. எதை நம்புவது?
– ஒரு தங்கை, சுன்னாகம்

பதில்: பிள்ளை, மூக்கை விட்டுவிடுவோம். அது பெரும்பாலும் மூளையின் அடியிலுள்ள கபச் சுரப்பியில் வரும் கட்டிகளுக்கான வழி. இந்தக் கட்டி அதற்கும் மேலே இருக்கிறது. இது புற்றுநோய் அல்ல. அதை முதலில் அண்ணியாரிடம் சொல்லுங்கள்.

வைத்தியர்கள் இருவர் சொன்னதும் சரியே. குழாய் முறையில், பெரும்பாலும் வலது நெற்றிக்கு மேலே தலைமயிருக்குள் சிறு துளையிட்டு, நீர் நிறைந்த பக்க அறைக்குள் குழாயை இறக்குவார்கள். அங்கிருந்து மூன்றாம் அறைக்குப் போகும் சின்ன வாசலில் கட்டி தெரியும். உள்ளிருக்கும் கூழை உறிஞ்சிவிட்டு, சுவரை இயன்றவரை உரித்தெடுப்பார்கள். திறந்த முறையில் இரு அரைக்கோளங்களுக்கும் இடையால் இறங்கி, அவற்றை இணைக்கும் நரம்புப் பாலத்தில் ஏறக்குறைய 2 செ.மீ. கீறுவார்கள். சுவர் மிச்சமின்றி வரும் வாய்ப்பு இதில் கூடுதல். குழாய் முறையில் விரைவாக வீடு திரும்பலாம். கை பழகிய வைத்தியர் கிடைத்தால் நான் குழாயைத்தான் சொல்வேன்.

அந்த வாசலின் விளிம்பில் ‘போர்னிக்ஸ்’ என்ற ஞாபக நரம்புக் கற்றை ஓடுகிறது. அது காயப்பட்டால் புதிய விடயங்கள் மனதில் நிற்காது. தழும்பின் நீளத்தை விடுத்து, இதைப் பற்றிக் கேளுங்கள்.

கடும் தலையிடியும் சத்தியும் அரைமயக்கமும் வந்தால், சாத்திரியார் நாள் குறிக்கும்வரை காத்திராமல் தமையனாரை உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுசெல்லுங்கள்.