கழற்றி மாட்டும் பட்டறை அலமாரி: கேள்வி பதில்

வாடகை இடத்தில் பட்டறை நடத்துபவர்களுக்கு இடம் மாறும்போதெல்லாம் அலமாரிதான் பெரிய தலைவலி. ஆணியும் பசையும் போட்டு இறுக்கியதை உடைக்காமல் பிரிக்க முடியாது. மினிஃபிக்ஸ் (போல்ட் தலையைக் கவ்வி இறுக்கும் கேம் பூட்டு), கன்ஃபர்மட் (பலகை முனையில் நேரடியாக ஏறும் தடித்த திருகு) போன்ற இணைப்பிகளைப் போட்டுச் செய்யும் அலமாரிகளைப் பற்றி வந்த கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே.

கேள்வி (கோவை, மோட்டார் ரீவைண்டிங் பட்டறை): அண்ணா, 800 மி.மீ. அகலம், 400 ஆழம், 900 உயரத்தில் ஒரு தரை அலமாரி வேண்டும். ஒரு 8×4 ப்ளைவுட்டில் முடியுமா? என்னென்ன வாங்கணும்?

கதவு இல்லாமல் என்றால் முடியும். 18 மி.மீ. ப்ளைவுட்டை நீளவாக்கில் 400 அகலத்தில் மூன்று பட்டைகளாக அறுங்கள். 1220-ல் மூன்று 400 போனால் ரம்ப வாய்க்கும் ஓரம் நேர்ப்படுத்தவும் 20 மி.மீ. மிஞ்சும். முதல் பட்டையில் 900 நீளத்தில் இரண்டு பக்கப்பலகை. இரண்டாவதில் 764 நீளத்தில் மூன்று: மேல்பலகை, அடிப்பலகை, நடுவில் நிலையான தட்டு ஒன்று. மூன்றாவதில் 762-ல் மூன்று நகர்த்தும் தட்டுகள். இந்தத் தட்டுகள் முதுகுப்பலகையில் உரசாமல் இருக்க ஆழத்தில் 10 மி.மீ. குறைத்துக்கொள்ளுங்கள். முதுகுக்குத் தனியாக 6 மி.மீ. ப்ளை, 798×898.

இணைப்பிகள்: நிலையான பலகை மூன்று, ஒவ்வொன்றுக்கும் இரண்டு முனை, முனைக்கு இரண்டு பூட்டு. ஆக 12 கேம் (போல்ட் தலையைப் பிடித்துத் திருப்பி இறுக்கும் வட்டப் பூட்டு), 12 போல்ட். அதே கணக்கில் 8×30 மர டவல் (இரண்டு பலகையையும் இணைக்கும் உருளைக் குச்சி) 12. தட்டு தாங்கும் பின் 12. முதுகுக்கு 3.5×25 திருகு 150 மி.மீ.க்கு ஒன்று வீதம் சுமார் 26. உயரம் மாற்றக்கூடிய கால் 4. கேமை மட்டும் இரண்டு மூன்று கூடுதலாக வாங்கி வையுங்கள். துத்தநாகக் கலவை வார்ப்பு என்பதால், முரட்டுத்தனமாகத் திருகினால் வாய் உடைந்துவிடும்.

கேள்வி (மதுரை): மினிஃபிக்ஸ் துளைகளின் அளவு என்ன? வீடியோவில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

போல்ட்டின் நீளம் ஆளுக்கொன்றாக இருப்பதுதான் காரணம். பரவலாகக் கிடைப்பது இரண்டு வகை. பலகை முனையிலிருந்து கேம் மையம் 24 மி.மீ. இருக்க வேண்டியது ஒன்று, 34 இருக்க வேண்டியது மற்றொன்று. எது உங்கள் கையில் இருக்கிறது என்று பார்க்காமல் துளை போடாதீர்கள். பெட்டியில் எழுதியிருந்தாலும் இரண்டு துண்டுப் பலகையில் ஒரு மாதிரி மூட்டு செய்து பார்த்துவிடுங்கள்.

மற்ற அளவுகள்: கேம் துளை 15 மி.மீ. விட்டம், 18 பலகைக்குச் சுமார் 14 ஆழம். கேமின் உயரத்தைக் கேலிப்பரில் அளந்துவிட்டே ஆழத்தை முடிவு செய்யுங்கள். முனையில் போல்ட் நுழையும் துளை 8 மி.மீ. விட்டம், கேம் துளையை எட்டும்வரை. பக்கப்பலகையில் போல்ட் ஏறும் துளை 5 மி.மீ. விட்டம், 11–12 ஆழம். நைலான் புஷ் உள்ள போல்ட் என்றால் 10 மி.மீ. விட்டம்.

கேம் துளை போடும் ஃபோர்ஸ்ட்னர் பிட்டின் நடுமுள்ளை ஒருமுறை அளந்து பாருங்கள். 14 ஆழத்துக்குப் போகும்போது முள் 4 மி.மீ.க்கு மேல் நீண்டிருந்தால் மறுபக்க மைக்காவில் சின்னப் புள்ளியாக எட்டிப் பார்க்கும். அரத்தால் முள்ளைக் குறைத்துக்கொள்ளலாம்.

கேள்வி (திருப்பூர், மர வேலை புதிது): எல்லாம் அளந்துதான் போட்டேன். ஆனாலும் மேல்பலகை பக்கப்பலகையைவிட ஒன்றரை மி.மீ. உயர்ந்து நிற்கிறது. 18 மி.மீ. பலகையில் பாதி 9 என்றுதானே குறித்தேன்?

உங்கள் பலகை 18 இல்லை, அதுதான் விஷயம். 18 என்று விற்கும் ப்ளைவுட் கேலிப்பரில் 17.6 சுற்றி இருப்பது சாதாரணம். அதன் மேல் வெளிப்பக்கம் 1 மி.மீ. மைக்கா, உள்பக்கம் 0.8 லைனர் ஒட்டினால் 19.4 ஆகிவிடும். கேமுக்குள் போல்ட் தலை உட்காரும் மட்டம், கேம் பதிந்த முகத்திலிருந்து ஏறக்குறைய 9 மி.மீ. பலகை எவ்வளவு தடித்தாலும் இது மாறாது. நீங்கள் கேமை மேல்பலகையின் அடிமுகத்தில் பதித்திருப்பீர்கள். அங்கிருந்து 9 போனால் மேல்முகத்துக்கு மிச்சம் 10.4. பக்கப்பலகையிலோ உச்சியிலிருந்து 9-ல் போல்ட் போட்டிருக்கிறீர்கள். வித்தியாசம் 1.4.

இதற்கு இரண்டு வழி. பக்கப்பலகையில் உச்சியிலிருந்து 10.4-ல் போல்ட் போடலாம். அதைவிட நல்லது, கேமையே வெளிமுகத்தில் பதிப்பது: மேல்பலகைக்கு மேலே, அடிப்பலகைக்குக் கீழே. அப்போது இரண்டு முனையிலும் ஒரே 9, பலகையின் தடிமன் என்னவானாலும் விளிம்பு சமமாக வரும். மேலே வேறொரு டாப் வரப்போகிறது, கீழே காலும் பிளிந்த்தும் (அடியை மறைக்கும் பலகை) மறைக்கும், கேம் கண்ணில் படாது. உள்ளே சாமான் நிறைந்திருந்தாலும் கைக்கு எட்டும்.

ஒன்று மட்டும் விடாமல் கடைப்பிடியுங்கள்: முனைத் துளைகளை எப்போதும் கேம் இருக்கும் முகத்திலிருந்தே அளக்க வேண்டும். "நடுவில்" என்று குறிக்கவே கூடாது. டவல் துளைகளுக்கும் இதே முகம்தான். உள் அகலத்தையும் 764 என்று கண்ணை மூடிக்கொண்டு அறுக்காதீர்கள். மைக்கா ஒட்டிய பிறகு பக்கப்பலகையை அளந்து, 800-லிருந்து அதன் இரண்டு மடங்கைக் கழியுங்கள். 19.4 என்றால் 761.2.

கேள்வி (அதே நபர்): பூட்டு சிலது இறுகவே இல்லை, சுற்றிக்கொண்டே இருக்கிறது. சிலது திரும்பவே மாட்டேன் என்கிறது.

சுற்றிக்கொண்டே இருந்தால் போல்ட் தலை கேமைத் தாண்டி உள்ளே நீண்டிருக்கிறது. கேம் துளை முனைக்கு மிக அருகில் வந்திருக்கும், இல்லையென்றால் போல்ட் முழுவதும் ஏறாமல் அதன் கழுத்து வெளியே நிற்கும். திரும்பவே மறுத்தால் நேர் எதிர்: துளை தள்ளிப் போய்விட்டது, தலை கேமின் வாய்க்கு எட்டவில்லை. ஒரு மி.மீ. பிசகே இரண்டுக்கும் போதும். இன்னொன்று, கேமில் ஒரு அம்புக்குறி இருக்கும். அது பலகை முனையைப் பார்த்து நிற்கும்படி வைத்தால்தான் போல்ட் உள்ளே போகும். பிறகு வலஞ்சுழியாக ஏறக்குறைய அரைச்சுற்று. அதற்கு மேல் வலுக்கட்டாயமாகத் திருப்புவதில் பயனில்லை.

தள்ளிப்போன துளையை அப்படியே நகர்த்த முடியாது. 15 மி.மீ. மரத்தக்கை ஒட்டி, பசை காய்ந்ததும் புதிதாகத் துளையுங்கள்.

கேள்வி (சென்னை, ஆவடி): ஜிக் வாங்காமல் செய்ய முடியுமா?

முடியும். நேராக அறுத்த 18 மி.மீ. கடின மரத்துண்டு ஒன்றில் வேண்டிய இடைவெளியில் செங்குத்தாக 8 மி.மீ. துளைகள் போட்டு, ஒரு பக்கத்தில் முட்டுப்பலகை அடித்தால் அதுவே ஜிக். அந்தத் துளைகளை டிரில் பிரஸ்ஸில் போடச் சொல்லுங்கள், கைமிஷினில் வேண்டாம். மரத் துளை கொஞ்ச நாளில் அகன்றுவிடும். நாலைந்து அலமாரி செய்யப் போகிறீர்கள் என்றால் இரும்பு புஷ் உள்ள ஜிக் வாங்குவதே நல்லது.

முன்விளிம்பிலிருந்து 37 மி.மீ.யில் முதல் மையம், அடுத்தது 32 தள்ளி. உலகெங்கும் கேபினட் தொழிற்சாலைகள் பயன்படுத்தும் கணக்கு இது. தட்டு பின்களுக்கும் கீலின் தகட்டுக்கும் அதே வரிசைத் துளைகள் பொருந்திவிடும். இரண்டு பக்கப்பலகைக்கும் முன்விளிம்பையே ஆதாரமாக வைத்து அளங்கள், ஒன்றில் முன்னாலிருந்தும் மற்றொன்றில் பின்னாலிருந்தும் அளந்தால் தட்டு ஆடும். ஆழத்துக்கு பிட்டில் டேப் சுற்றுவதை நம்பாதீர்கள், நாலாவது துளையில் நகர்ந்துவிடும். திருகு வைத்த ஸ்டாப் காலர் போடுங்கள். பக்கப்பலகையில் டவல் துளை 12 மி.மீ., முனையில் 20. 30 மி.மீ. டவலுக்கு 2 மி.மீ. காலியிடம் கிடைக்கும்.

கேள்வி (சேலம்): கழற்ற வேண்டுமென்றால் டவலுக்குப் பசை போடலாமா?

முனைப் பக்கம் மட்டும் போடுங்கள். பக்கப்பலகையில் நுழையும் பாதி காய்ந்தே இருக்கட்டும். டவலை விட்டுவிடவும் கூடாது. கேம் இழுத்துப் பிடிக்கும், அவ்வளவுதான் அதன் வேலை. மேலிருந்து வரும் பாரத்தை டவல்தான் தாங்க வேண்டும்.

கேள்வி (ஹோசூர், லேத் பட்டறை): கன்ஃபர்மட் திருகு மலிவாகவும் சுலபமாகவும் இருக்கிறதே, கேம் எதற்கு?

இரண்டு மூன்று முறைக்கு மேல் பிரிக்கப் போவதில்லை, திருகுத் தலை வெளியே தெரிவதில் கவலையும் இல்லை என்றால் கன்ஃபர்மட்டே போதும். பட்டறைக்கு நானும் பெரும்பாலும் அதைத்தான் சொல்வேன். 7×50 திருகு. 18 பலகையைத் தாண்டி 32 மி.மீ. உள்ளே கடிக்கும். 400 ஆழத்துக்கு மூன்று: 40, 200, 360-ல். இதற்கென்றே படித்துளை பிட் கிடைக்கிறது. நுனி 5, அதன் மேல் 7, தலைக்கு 10 என்று ஒரே இறக்கத்தில் போடும். சாதாரண 3 மி.மீ. துளை போட்டுத் திருகினால் ப்ளைவுட்டின் முனை அடுக்கு அடுக்காகப் பிளக்கும், பார்ட்டிகிள் போர்டு புடைக்கும். துளைக்கும்போது இரண்டு பலகையையும் மூலமட்டம் வைத்துக் கிளாம்ப் போட்டுப் பிடியுங்கள். டிரில் மிஷினில் திருகினால் கிளச்சைக் குறைத்து வைத்து, கடைசிச் சுற்றை எல் கீயில் கையால் முடியுங்கள்.

கன்ஃபர்மட்டில் தேய்வது முனைத் துளை. ஒவ்வொரு முறை கழற்றும்போதும் மரை கொஞ்சம் சிதையும். கேமில் அப்படியில்லை. பிரிக்கும்போது போல்ட் பக்கப்பலகையிலேயே நிற்கும், கேம் மட்டும் திரும்பும், மரத்துக்குச் சேதமில்லை. மரை போன கன்ஃபர்மட் துளைக்குள் தீக்குச்சியும் பசையும் திணிப்பதைப் பார்க்கிறேன், அது நிற்காது. பலகையின் மறைவான முகத்தில், முனையிலிருந்து 20–25 மி.மீ. உள்ளே தள்ளி 12 மி.மீ. துளை 14 ஆழத்துக்குப் போட்டு, கடின மரத் தக்கையை ஒட்டுங்கள். திருகு அந்தத் தக்கையின் குறுக்காகப் போகும். குறுக்கு நாரில் மரை நன்றாகப் பிடிக்கும். முனைத் துளைக்குள்ளேயே நேராகத் தக்கை வைத்தால் திருகு நாரின் போக்கிலேயே இறங்கி, பிடிப்பு கிடைக்காது.

வைஸ் பூட்டும் மேசைக்கு இரண்டுமே வேண்டாம். அதற்கு உருளை நட்டும் எம்8 போல்ட்டும், தலைக்கடியில் வாஷரோடு. சம்மட்டி அடியில் தளர்ந்தாலும் ஸ்பேனரில் ஒரு திருகு, பழையபடி இறுகிவிடும்.

கேள்வி (திருச்சி): பிரித்து மாட்டிய பிறகு அலமாரி பக்கவாட்டில் ஆடுகிறது. பூட்டெல்லாம் இறுக்கமாகத்தான் இருக்கிறது.

முதுகுப்பலகையை எப்படி மாட்டினீர்கள் என்று எழுதவில்லை. காடியில் தளர்வாகச் செருகியிருந்தால் அது தூசியைத்தான் தடுக்கும், ஆட்டத்தைத் தடுக்காது. 6 மி.மீ. ப்ளையைப் பின்னாலிருந்து எல்லா விளிம்பிலும் நடுத்தட்டிலும் திருகுங்கள். அதற்கு முன் மூலைவிட்டம் இரண்டையும் அளந்து சமப்படுத்துங்கள். 800×900-க்கு 1204 மி.மீ. வர வேண்டும். கோணலாக இருக்கும்போதே முதுகைத் திருகிவிட்டால் கோணல் அப்படியே உறைந்துபோகும், கதவையும் டிராயரையும் எவ்வளவு சரிசெய்தாலும் ஒட்டாது. ரசமட்டம் வைத்துக் காலைச் சரிசெய்வதையும் முதுகு திருகுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

கேள்வி (ஈரோடு): தட்டில் மோட்டார் உதிரி 40 கிலோ வைப்பேன். பார்ட்டிகிள் போர்டு தாங்குமா?

உடையாது, தொய்யும். 764 இடைவெளி, 400 ஆழம், 18 தடிமன், பாரம் சமமாகப் பரவியது என்று கணக்குப் போட்டால் பார்ட்டிகிள் போர்டு உடனே 5 மி.மீ. சுமார் தொய்யும். மாதக்கணக்கில் பாரம் இருந்தால் இன்னும் இறங்கும். ப்ளைவுட் 2 மி.மீ. அளவில் நிற்கும். ஒரு மீட்டருக்கு வரும் பாரம் மாறாமல் இடைவெளி இரட்டித்தால் தொய்வு 16 மடங்கு. அதனால் கனமான சாமானுக்கு அலமாரியை அகலமாக்காமல் நடுவில் ஒரு செங்குத்துப் பலகை கொடுங்கள். அதற்கு இடமில்லையென்றால் தட்டின் முன்விளிம்புக்கு அடியில் 18×50 மரச்சட்டம் பசை போட்டு ஒட்டுங்கள்.

கேள்வி (தூத்துக்குடி): கடற்கரைப் பக்கம். மழைக்காலத்தில் தரையே வேர்க்கிறது. எந்தப் பலகை?

ஐஎஸ் 710 முத்திரை உள்ள பி.டபிள்யூ.பி. (கொதிநீரையும் தாங்கும்) ப்ளைவுட். பார்ட்டிகிள் போர்டை அங்கே நினைக்கவே வேண்டாம், ஈரம் முதலில் ஏறுவது கேம் துளை வழியாகத்தான். துளை ஓரம் உப்பினால் கேம் பிடிப்பிழக்கும். ப்ளைவுட்டிலும் அறுத்த முனைகள், துளைகளின் உள்சுவர் எல்லாவற்றுக்கும் மாட்டும் முன் பாலியூரித்தேன் சீலர் ஒரு கை பூசுங்கள். 100 மி.மீ. பிளாஸ்டிக் கால் போட்டு, சுவரிலிருந்தும் 20 மி.மீ. தள்ளி நிறுத்துங்கள். கரையான் ஏறினாலும் கால் வழியே மண் கோடு தெரியும்.

கேள்வி (சேலம்): பிரிக்கும்போது எந்த வரிசை?

முதலில் டிராயர், நகர்த்தும் தட்டு, கதவு. டிராயர் சேனலைப் பக்கப்பலகையிலேயே விட்டுவிடுங்கள், கழற்றினால் திரும்ப அதே இடத்தில் உட்காராது. அடுத்து முதுகுத் திருகு. அலமாரியை ஒரு பக்கப்பலகை மேல் படுக்க வைத்து, மேலே இருக்கும் பக்கப்பலகையின் ஆறு கேமை மட்டும் இடஞ்சுழியாகத் திருப்பி, பலகையை நேராக மேலே தூக்குங்கள். ஒரு ஓரத்தை மட்டும் நெம்பினால் போல்ட் துளை பிய்ந்துவிடும். ஒவ்வொரு பலகையின் மறைவு முகத்திலும் பென்சிலில் "இடது", "வலது", "முன்" என்று எழுதிவிட்டு வண்டியில் ஏற்றுங்கள்.