முதல் தடவை ஸ்கீயிங் போகிறவருக்கு

இந்தக் குளிர்நாட்டுக்கு வந்து முதல் குளிர்காலம், பனியில் வழுக்காமல் நடக்கவே இப்போதுதான் பழகுகிறேன், அலுவலக நண்பர்கள் ஸ்கீயிங், அதாவது பனிச்சறுக்குக்குக் கூப்பிடுகிறார்கள், 35 வயதில் இதெல்லாம் சரிப்படுமா, சாமான் என்னென்ன வாங்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போங்கள் தம்பி. சாமான் மட்டும் வாங்காதீர்கள்.

ஸ்கீ என்கிற சறுக்குப் பலகை, பூட்ஸ், கழி, ஹெல்மெட் எல்லாமே மலையடிவாரத்தில் வாடகைக்குக் கிடைக்கும். அங்கே உயரம், எடை, வயது, அனுபவம் கேட்பார்கள். உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். பூட்ஸை ஸ்கீயோடு பிடித்திருக்கும் பைண்டிங் எந்த அளவு விசைக்குக் கழல வேண்டும் என்பதை அதை வைத்துத்தான் முடுக்குகிறார்கள். எடையைக் குறைத்துச் சொன்னால் ஓடும்போதே கழன்றுவிடும். "கொஞ்சம் தெரியும்" என்று அளந்துவிட்டால் விழும்போது கழலாமல் முழங்கால் திருகிக்கொள்ளும்.

பூட்ஸில்தான் நம்மவர்கள் ஏமாறுவது. இறுக்குகிறதே என்று ஒரு சைஸ் பெரிதாகக் கேட்டு வாங்கிவிடுவார்கள். அப்புறம் உள்ளே குதிகால் தூக்கும், ஸ்கீ சொன்ன பேச்சைக் கேட்காது. நேராக நின்றால் விரல் நுனி முன்னால் தொட வேண்டும். முழங்காலை மடக்கினால் விரல் லேசாகப் பின்வாங்க வேண்டும். அதுதான் சரியான அளவு. நீளமான மெல்லிய சாக்ஸ் ஒன்றே ஒன்று போதும். குளிருக்குப் பயந்து இரண்டு போட்டால் மடிப்பு விழுந்து காலை அறுக்கும், ரத்த ஓட்டம் தடைபட்டு இன்னும் குளிரும்.

ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயாது. நீர் புகாத பேன்ட்டை யாரிடமாவது இரவல் கேளுங்கள். சன்ஸ்கிரீன் அவசியம். புதுப்பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும், மாநிறம் என்று பார்க்காது.

"நாங்களே சொல்லித் தருகிறோம்" என்பார்கள் நண்பர்கள். நல்ல மனசுதான். ஆனால் நடக்கத் தெரிந்த நாளிலிருந்து சறுக்குகிறவர்களுக்குத் தாங்கள் எப்படித் திரும்புகிறோம் என்பதே தெரியாது. மலைமேல் ஏற்றிவிடும் கம்பிவட லிஃப்டில் மேலே கூட்டிப்போய் "என் பின்னாலேயே வா" என்று போய்விடுவார்கள். ஸ்கீ பள்ளியில் தொடக்கநிலை வகுப்பில் சேர்ந்துவிடுங்கள். பக்கத்தில் நாலு வயதுக் குழந்தைகள் சர்ரென்று போவார்கள், கண்டுகொள்ளாதீர்கள்.

வகுப்பில் ஆசிரியர் ஓயாமல் சொல்லப்போவது ஒன்றுதான்: முன்னால் சாய். சரிவைப் பார்த்ததும் பயத்தில் உடம்பு தானாகப் பின்னால் போகும். பின்னால் போனால் ஸ்கீயின் முன்பகுதியில் பாரம் இருக்காது. அது திரும்பவும் செய்யாது, நிற்கவும் செய்யாது, வேகம்தான் ஏறும். பயம் கூடும், இன்னும் பின்னால் சாய்வீர்கள். கணுக்காலுக்கு மேலே முன்னெலும்பு பூட்ஸின் நாக்கை அழுத்திக்கொண்டே இருக்கிறதா என்று மட்டும் கவனியுங்கள். இரண்டு கையும் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி முன்னால் இருக்கட்டும். ஸ்கீ நுனிகளை நெருக்கி, பின்பக்கத்தை அகட்டினால் வேகம் குறையும். வலது காலில் பாரம் கொடுத்தால் இடப்பக்கம் திரும்பும். முதல் நாளுக்கு அவ்வளவுதான் பாடம்.

விழுவீர்கள். விழப்போவது தெரிந்தால் பக்கவாட்டில் இடுப்பு படும்படி உட்கார்ந்துவிடுங்கள். எழும்போது ஸ்கீ இரண்டும் உடம்புக்குக் கீழ்ப்பக்கம், சரிவுக்குக் குறுக்காக இருக்க வேண்டும். நுனி பள்ளத்தைப் பார்த்தால் எழுவதற்குள் கிளம்பிவிடும்.

சறுக்குப் பாதை எவ்வளவு கடினம் என்று காட்டும் நிறத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். ஐரோப்பாவில் நீலம் சுலபமானது. சில நாடுகளில் அதற்கும் கீழே பச்சை உண்டு. வட அமெரிக்காவில் பச்சை வட்டம்தான் சுலபம், நீலச் சதுரம் நடுத்தரம். பின்னால் வருகிறவர் இடித்துவிடுவாரோ என்று திரும்பித் திரும்பிப் பார்க்க வேண்டாம்: முன்னால் போகிறவருக்கே முன்னுரிமை, விலகிப்போவது பின்னால் வருகிறவர் பொறுப்பு. ஆனால் நிற்பதென்றால் ஓரமாக நில்லுங்கள்.

மலை மீட்புச் செலவு உங்கள் காப்பீட்டில் அடங்குமா என்று போகும் முன்பே பார்த்துவிடுங்கள்.

சாயங்காலம் "இன்னும் ஒரே ஒரு ரவுண்டு" என்று இழுப்பார்கள். தொடை நடுங்க ஆரம்பித்திருந்தால் போகாதீர்கள். ஏற்கெனவே மேலே மாட்டிக்கொண்டிருந்தால், பெட்டிக்குள் உட்கார்ந்து போகிற லிஃப்ட் இருக்கிற இடத்தில் அதிலேயே கீழே இறங்கிவிடலாம். ஊழியரிடம் கேளுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.