ஒன்றரை வருடத்தில் ஆன்லைன் டிகிரி: நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: நாங்கள் தங்கச்சிமடம். வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறார். மகன் பிளஸ் டூ முடித்துவிட்டான். துபாயில் இருக்கும் என் தம்பி, ஒரு டிகிரி இருந்தால் அவனை அங்கே கூப்பிட்டுக்கொள்வதாகச் சொல்கிறான். ராமநாதபுரத்தில் ஒரு சென்டரில், வெளிமாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆன்லைன் பி.பி.ஏ.வை ஒன்றரை வருடத்தில் முடித்துத் தருகிறோம் என்கிறார்கள். 95,000 ரூபாய். வெள்ளிக்கிழமைக்குள் கட்டினால் 10,000 குறைப்பார்களாம். நகையை அடகு வைத்துக் கட்டிவிடலாமா?

பதில்: நகை பீரோவிலேயே இருக்கட்டும் அம்மா. பி.பி.ஏ. போன்ற இளநிலைப் பட்டம் என்றால் மூன்று வருடப் படிப்பு. வேகமாக முடிக்க விதி வந்துவிட்டது என்று அவர்கள் வாதாடினாலும், அதில் சில மாதங்கள்தான் மிச்சமாகும். பாதிக்குப் பாதி குறையாது. இந்த ஒன்றை வைத்தே நான் வேண்டாம் என்பேன்.

ஆனால் அடுத்து வருபவர் மூன்று வருடம் என்றே சொல்லுவார். பல்கலைக்கழக மானியக் குழுவின், அதாவது யூஜிசியின், அங்கீகாரம் என்று ஒரு தாளும் காட்டுவார். பல பேர் ஏமாறுவது அந்தத் தாளில்தான். பல்கலைக்கழகம் அசலாகவே இருக்கலாம். வளாகத்தில் அது பி.பி.ஏ. நடத்துவதும் உண்மையாக இருக்கலாம். ஆனால் ஆன்லைனில் எந்தப் படிப்பை, எந்தக் கல்வியாண்டில் நடத்தலாம் என்பது தனிக் கணக்கு. 2020இல் யூஜிசி இதற்கென்றே விதிமுறை போட்டிருக்கிறது. யூஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவான டெப்பின் இணையதளத்தில் அனுமதி பெற்ற படிப்புகளின் பட்டியல் உண்டு. பல்கலைக்கழகத்தின் பெயரைக் கண்டதும் நிறுத்திவிடாமல், பி.பி.ஏ. இருக்கிறதா, ஆன்லைன் என்று இருக்கிறதா, மகன் சேரும் வருடம் இருக்கிறதா என்று பாருங்கள். நர்சிங், இன்ஜினியரிங், சட்டம் போன்ற பட்டங்களை ஆன்லைனில் தருகிறோம் என்றால் தேடவே வேண்டாம், அவற்றுக்கு அனுமதி கிடையாது.

2024-25 கல்வியாண்டிலிருந்து, ஆன்லைனிலோ தொலைநிலையிலோ சேரும் மாணவர் அதே தளத்தில் டெப் ஐடி என்ற தனி அடையாள எண்ணை எடுக்க வேண்டும். சென்டரில் அதைப் பற்றிக் கேளுங்கள். மழுப்பினால் எழுந்து வந்துவிடலாம்.

அப்புறம் அந்த சென்டரே எதற்கு? இந்தப் படிப்புகளை ஏஜென்சிக்கு விட்டு நடத்தக் கூடாது என்பது விதி. சேர்க்கை பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில், பணம் பல்கலைக்கழகத்தின் கணக்கில். தனி ஆளின் ஜிபே நம்பரைக் கொடுத்தால் அங்கேயே பேச்சு முடிந்தது.

துபாய்க் கனவு இருப்பதால் உங்களுக்கு ஆபத்து இரட்டிப்பு. வேலைக்காகப் பட்டத்தைக் காட்ட வேண்டிய இடத்தில், மாநில அரசு, வெளியுறவுத் துறை, தூதரகம் என்று அட்டஸ்டேஷன், அதாவது பட்டம் உண்மை என்ற சான்றொப்பம், வாங்கச் சொல்வார்கள். பொய்ப் பட்டம் அங்கே மாட்டும்போது பணம் மட்டும் போகாது, பையன் மேல் வழக்கும் வரலாம்.

பிளஸ் டூ ரிசல்ட் வருவதே பெரும்பாலும் மே மாதம்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், படகு கரையில் நிற்கும், ஆனால் அடகுக் கடையில் வட்டி நிற்காது. அந்த நேரத்தில் மொத்தமாக ஒரு தொகையைப் புரட்டவே கூடாது. மத்திய அரசின் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவில் வருடா வருடம் கட்டலாம். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பக்கத்திலேயே காரைக்குடி அழகப்பாவில் தொலைநிலைக் கல்வி இருக்கிறது. கட்டணத்தைக் கேட்டுப் பாருங்கள், 95,000 எவ்வளவு பெரிய தொகை என்று தெரியும். இவற்றில் சேர்ந்தாலும் டெப் பட்டியலைப் பார்த்துவிட்டே சேருங்கள்.

ஒருவேளை முன்பணம் ஏற்கெனவே கொடுத்திருந்தால், ரசீதைச் சேர்த்து எழுத்து மூலமாகத் திருப்பிக் கேளுங்கள். பணத்தை ஆன்லைனில் அனுப்பியிருந்து, ஆளும் போனை எடுக்கவில்லை என்றால், யோசிக்காமல் அன்றைக்கே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு போன் செய்யுங்கள்.